பரணுக்கு ஏறிய எறும்புகள்

ஏப்ரல் 27
மகளை நூலகத்தின் கோடை விடுமுறை வகுப்பில் சேர்த்தாயிற்று. அக்கம்பக்கத்துப் பூச்சி, நத்தை, மண்புழுதான் பாடம். 'முதுகெலும்பில்லாத உயிரினங்கள்' என்று வாசலில் ஒட்டியிருந்தார்கள். மனைவி அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்களும் உள்ள போய் உக்காந்துக்கலாம் போலயே." கூட வந்த மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான். அக்காவும் தம்பியும் சேர்ந்தால் நான் அவ்வளவுதான்.

ஏப்ரல் 29
கடையில் யாரோ விட்டுப்போன மூக்குக்கண்ணாடியிலிருந்து தடித்த லென்ஸ் ஒன்றை எடுத்து, விளிம்பைத் தேய்த்து, பிடி போட்டு மகளுக்குக் கொடுத்தேன். கண்ணாடிக் கடைக்காரன் மகள் என்றால் சும்மாவா!

ஏப்ரல் 30
வீட்டுப்பாடம்: எறும்புச் சாரை ஒன்றைக் கடைசிவரை பின்தொடர வேண்டுமாம்.

எங்கள் வீட்டுச் சாரையோ சமையலறைச் சுவரேறிப் பரணுக்குப் போகிறது. பரணில், பழைய மிக்ஸி வந்த அட்டைப்பெட்டிக்குள், என் க்ரீம் பிஸ்கட். டாக்டர் இனிப்பை நிறுத்தச் சொன்னதிலிருந்து மனைவி என் சட்டைப்பையைக்கூட விடுவதில்லை. அந்தப் பெட்டி மட்டும் அவள் கண்ணில் படவில்லை. எறும்பின் கண்ணில் பட்டுவிட்டது.

மே 1
யாரும் பார்க்காதபோது சுவரை வினிகர் தொட்டுத் துடைத்தேன்.

"அப்பா, யாரோ பாதையை அழிச்சிட்டாங்க!" அழுவாள் என்று பார்த்தால் குதிக்கிறாள். எறும்பு வாசனை பிடித்துத்தான் நடக்குமாம். அழித்தால் என்ன செய்யும் என்பதுதான் அடுத்த பாடமாம். சாயங்காலம் சாரை மறுபடி பரணை நோக்கி. துரோகிகள்.

மே 2
சாரை திசைமாறட்டும் என்று மச்சானின் துணிப்பைக்குள் கொஞ்சம் சர்க்கரை தூவிவிட்டேன்.

"மாமா, சத்தியமா நான் எதுவும் வைக்கல!" பாவம், அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

மே 4
மாட்டிக்கொண்டேன். மதியம் வந்தால், மகள் ஸ்டூல்மேல் நிற்கிறாள், லென்ஸும் கையுமாக. பெட்டி திறந்து கிடக்கிறது. நல்லவேளை, மனைவி வெளியே போயிருந்தாள்.

"க்ரீமை மட்டும் தின்னுட்டு பிஸ்கட்டை விட்டிருக்குப்பா."

"எறும்பு அப்படித்தான்மா..."

"பல்லுத் தடம் இருக்கே."

நத்தை வளர்க்கத் தொட்டி வாங்கித் தருகிறேன் என்றேன். மசியவில்லை.

"சர்க்கரை ஏறினா கண்ணு போயிடும்னு கடைக்கு வர்றவங்ககிட்ட நீங்கதானே சொல்றீங்க? உங்களுக்கு மட்டும் போகாதா?"

ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

இறங்கினாள். "அம்மாகிட்ட நான் சொல்லமாட்டேன். நீங்களே சொல்லுங்க."

மே 5
சொல்லவில்லை.

மே 8
வகுப்பின் கண்காட்சி. எங்கள் வீட்டுச் சமையலறை, சுவர், பரண் எல்லாம் மகளின் சார்ட்டில், அம்புக்குறியோடு. "சாரை எங்க முடிஞ்சுது?" என்று டீச்சர் கேட்டார்.

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "அது... கண்டுபிடிக்க முடியல டீச்சர்."

எனக்காகப் பொய் சொல்கிறாள். அத்தனை நாள் உழைப்பையும் விட்டுக்கொடுத்துவிட்டு!

எழுந்தே விட்டேன். "என் பிஸ்கட்லங்க."

கூடமே சிரித்தது. "அப்ப என் பை?" என்றான் மச்சான். அதையும் சொன்னேன். மனைவி மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுப் பூட்டைத் திறக்கும்போது, "பரண்ல ஏறி எறங்குறப்ப நீங்க விழுந்து வச்சிருந்தா?" என்றாள்.

மே 17
இன்று டீ என் கையால். மச்சானுக்குச் சர்க்கரை போட்டு, எனக்குப் போடாமல். மகள் தரையில் படுத்து, லென்ஸை வைத்துச் சுவரோரமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

"ஒரு எறும்புகூட மேல ஏறமாட்டேங்குது. போங்கப்பா, என் ஆராய்ச்சியே போச்சு."