ஞாயிற்றுக்கிழமை இருமல்

ஜூன் 5
இன்று ஒரு காலுறை வந்திருக்கிறது. யாரோ ஒரு குழந்தை முதன்முதலில் போட்டது. கண்ணாடி போல் இறுகும் ரெசினுக்குள் பூ, இலை என்று பதித்துத் தருவதுதான் என் வேலை. காலுறை இதுவே முதல் தடவை. உள்ளே காற்றுக்குமிழி தங்குமோ?

இவர் ராத்திரி முழுக்க இருமினார். நாத்தனாருக்குப் போன் செய்தேன். “அந்த நீச்சல் குளத்து மருந்துத் தண்ணிதான் அண்ணி. அண்ணனை வேலைய விடச் சொல்லுங்க.”

ஜூன் 7
டாக்டரும் அதையே சொல்லிவிட்டார். “மூடின கட்டடத்துக்குள்ள குளம், குளோரின் காத்து. நுரையீரல் தாங்கல. வேற வேலை பாக்க முடியுமா?”

“குளத்துல நீந்துறவங்களப் பாத்து விசில் ஊதறவனுக்கு வெளிய யாரு டாக்டர் சம்பளம் குடுப்பாங்க?” என்று சிரித்தார் இவர்.

ஜூன் 11
ஞாயிறு. இவருக்கு விடுமுறை. இருமலுக்கு இல்லை.

ஜூன் 16
குளத்தில் ஓடு மாற்றுகிறார்களாம். வாரம் முழுக்க வீட்டில்தான் இருக்கிறார். ஓய்வெடுத்தால் சரியாகும் என்று நினைத்தேன். மோசமாகிவிட்டது! குளமே காரணம் என்றால் அதை விட்டு விலகியிருக்கும்போது ஏன் கூடுகிறது? தலையணையை வெயிலில் போட்டேன். ஜன்னல் திரையைத் துவைத்தேன். பக்கத்து வீட்டுப் பூனையை விரட்டினேன். பாவம், அது வாசலைத் தாண்டி வந்ததேயில்லை.

ஜூன் 17
“இந்த மாசத்தோட நின்னுக்கறேன்னு சொல்லிடப் போறேன்.” சட்டை மடித்துக்கொண்டே சொன்னார். மடித்த சட்டையையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 19
குளம் திறந்துவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒருநாளாவது அங்கே போய் உட்கார்ந்திருக்கிறேனா? இன்று போனேன். மதியம் வரை பார்த்தேன். ஊதுகிறார், கத்துகிறார், கரையோரம் ஓடுகிறார். இருமல்? இல்லை. டிக்கெட் கொடுக்கும் அம்மாவிடம் மெல்லக் கேட்டேன்.

“விசில் சாரா? காலைல வரும்போது இருமிக்கிட்டே வருவாரு. போகப்போக அடங்கிடும்.”

வரும்போது இருமிக்கொண்டு — அப்படியானால் வீட்டிலிருந்து அல்லவா கொண்டுபோகிறார்?

ஜூன் 21
சாயங்காலம் மின்சாரம் போனது. வேலை அறையில் மெழுகுவர்த்தி வைத்திருந்தேன். மின்சாரம் வந்ததும் ஊதி அணைத்தேன். புகை மேலே போகாமல் சாய்ந்து, தரையோரமாய்த் தவழ்ந்து, கதவிடுக்கு வழியாக வெளியே போனது. யாரோ கூப்பிட்ட மாதிரி! மறுபடி கொளுத்தி அணைத்து, பின்னாலேயே போனேன். நடையைத் தாண்டி, எதிரே இருக்கும் படுக்கையறைக்குள். கட்டிலைக் கடந்து, அதை ஒட்டிய குளியலறைக்குள். அங்கே எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஈரம் தங்கக்கூடாது என்று அதை நாங்கள் நிறுத்துவதே இல்லை.

தூசு விழுந்தால் ரெசின் பாழ் என்று என் ஜன்னலை எப்போதும் சாத்தியே வைத்திருக்கிறேன். கதவையும் சாத்துகிறேனே, அப்புறமென்ன என்றிருந்தேன். என் அறைக் காற்று இவர் தலைமாட்டு வழியாகத்தான் வெளியே போகிறது. ஊற்றிய ரெசின் ராத்திரி முழுக்க அங்கேதானே இறுகுகிறது.

ஜூன் 22
சொல்லவில்லை. இன்று மூன்று ஆர்டர் வந்தது.

ஜூன் 23
சொல்லிவிட்டேன். மெழுகுவர்த்தியைக் கொளுத்தி அணைத்துக் காட்டினேன். புகை போன வழியையே பார்த்துக்கொண்டு நின்றார். “சரி, நான் ஹால்ல படுத்துக்கறேன். நீ உன் வேலைய விட்டுடாத” என்றார்.

எங்கிருந்து வந்ததோ அவ்வளவு கோபம்! மூச்சு முட்டிக்கிட்டு எனக்காக யாரும் தியாகம் பண்ண வேணாம்னு கத்திட்டேன். அப்புறம் அழுதேன். இவர் குளியலறைக்குப் போய் அந்த ஃபேனையே வெறித்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 26
ரெசினை இறுக வைக்கும் திரவத்தின் பாட்டிலை டாக்டரிடம் கொண்டுபோனேன். மேலே ஒட்டியிருந்ததை நிதானமாகப் படித்தார். என் மணிக்கட்டையும் திருப்பிப் பார்த்தார். பாத்திர சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நான் நினைத்திருந்த தடிப்பு.

“இதுவும் அதனாலயே இருக்கலாம். வீட்டுக்குள்ள யார் என்ன பண்றீங்கன்னு நான் கேட்டிருக்கணும்மா. கொஞ்ச நாள் இத வீட்ட விட்டு வெளிய வைங்க. பார்ப்போம்.”

“குளத்து வேலை?” என்றார் இவர்.

“அவசரப்பட்டு விடாதீங்க.”

ஜூலை 3
தையல்கடை மாடியில் ஒரு அறை பிடித்துவிட்டோம். இரண்டு பக்கமும் ஜன்னல். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று முதலில் புகை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் மேஜை போட்டேன். கையுறை, முகமூடி எல்லாம் உண்டு. தூசு விழாமலிருக்க அட்டைப்பெட்டியில் மூடி செய்துகொண்டேன். முதலில் காலுறை. ஒரே ஒரு குமிழி, குதிகால் பக்கம். அழகாகத்தான் இருக்கிறது.

ஜூலை 12
நேற்று ராத்திரி இரண்டு தடவை மட்டும்.

ஜூலை 23
ஞாயிறு. கடையறைச் சாவியை எங்கேயோ வைத்துவிட்டேன் என்று சண்டை. சாவியில் ஆரம்பித்து, போன வருஷம் நான் தொலைத்த குடைக்குப் போய், என் அண்ணனை ஒரு இழு இழுத்து, ஒரே மூச்சில் கத்தித் தீர்த்தார். நடுவில் இருமலுக்கென்று எங்கேயும் நிற்கவில்லை. பதில் சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

“என்ன, காதுல விழலயா?”

“விழுது. நீங்க சொல்லுங்க.”