மாட்டப்படாத வில்லை

ஜூலை 8, செவ்வாய்

காற்று பலம். மூடிய தங்கச் சுரங்கத்தின் கழிவான சயனைடு மேட்டுத் தூசி சமையலறை வரை. வெள்ளைப் புடவை வீண்.

ஏழாம் வகுப்பு, கணக்குப் பாடம். ஆசிரியர் தேவராஜ் (இனி தே.). அறக்கட்டளையின் பயிற்சியாளர் என்ற முறையில் நான் கடைசி பெஞ்சில். புதிய கற்பித்தல் முறைகளை ஆசிரியர்களிடம் கொண்டு சேர்ப்பது என் பணி. இன்று கண்டதோ மிகப் பழைய முறை. பின்னத்தில் பிழை செய்த பிரகாஷுக்குப் பிரம்படி. பிரம்பு முறிந்தது. கையில் எஞ்சிய துண்டால் அடி தொடர்ந்தது. பையன் சிரித்தான். என்னால் அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

ஆசிரியர் அறையில் தே.:

"இன்னா மேடம், எல்லாத்தையும் நோட் பண்ணிக்கினீங்களா?"

"ஐயா, குற்றம் எழுதுவதற்காக நான் வரவில்லை."

"யப்பா, செந்தமிழ்லயே திட்றாங்கடா!"

சிரிப்பு. பின்னாலிருந்து ஒரு குரல்: "ஏழாங் கிளாஸோட நின்னவங்க, டீச்சருக்கே டீச்சரா?"

உண்மைதான். ஏழாம் வகுப்போடு நிறுத்தப்பட்டேன். மீதியை எவரும் எனக்குக் கற்பிக்கவில்லை. நானே பறித்துக்கொண்டேன்.

அலமாரியிலிருந்த பிரம்புக் கட்டை எடுத்துத் தலைமை ஆசிரியை கண்ணெதிரே முழங்காலில் வைத்து முறித்தேன். முழங்காலில் இப்போது கருநீலக் கன்றல். அந்த ஓசை இனிமையாக இருந்தது என்பதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 10, வியாழன்

சீயக்காய், மண்ணெண்ணெய் நிறப் பாவாடைத் துணி, தையற்காரியிடம் பாக்கி ஜாக்கெட். முழங்காலுக்குத் தைலம்.

வழி கிடைத்துவிட்டது. சுரங்கத்தில் இறங்குகிறவர் தம் எண் பொறித்த உலோக வில்லையை, அதாவது டோக்கனை, கையோடு கொண்டுபோவார். மேலே வந்ததும் பலகையில் மாட்டுவார். மாட்டப்படாத வில்லை ஒன்று இருந்தால் ஓர் ஆள் இன்னும் கீழே என்று பொருள். அப்பா காலத்து ஏற்பாடு. அதையே வகுப்புக்குக் கொண்டுவருகிறேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வில்லை. கேள்வி கேட்டாலோ விடை சொன்னாலோ பலகையில் மாட்டலாம். எல்லா வில்லையும் ஏறும்வரை வகுப்பு கலையாது. எவரும் கீழே விடப்படலாகாது.

பக்கத்து ஊரான ஊரிகத்தின் வெல்டர் பழைய எண்ணெய் டின்னை வெட்டிக் கொடுத்தார்.

"ஓரம் தேய்க்கலீங்க. டைம் இல்ல. பசங்க தானே, பாத்துக்குவாங்க."

சரி என்று வாங்கி வந்தேன். அவசரம். அடுத்த சனிக்கிழமை ஊரிகம், சாம்பியன் ரீப்ஸ் என்னும் பக்கத்து ஊர்களின் பள்ளி ஆசிரியர்கள் இந்த வகுப்பைப் பார்க்க வருகிறார்கள். மனம் நிறைந்தால் அவர்களும் பிரம்பை விடுவதாக வாக்கு. நிறையாவிட்டால் தே. பழையபடி பிரம்பை எடுப்பார்.

தே. இறங்கி வந்தார். "சனிக்கிழம வரைக்கும் ட்ரை பண்றேன் மேடம். சுகன்யாவ மட்டும் விட்ருங்க. அதுக்கு வாய் திக்கும். நான் அதக் கேள்வியே கேக்கறதில்ல."

"விலக்கு அளிப்பதே அவமதிப்பு, ஐயா."

வாக்கியம் நன்றாக அமைந்தது.

ஜூலை 14, திங்கள்

தூறல். வெற்றி!

பிரகாஷ் எழுந்து, "சைபரால ஏன் சார் வகுக்கக் கூடாது?" என்றான். தே. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். அவர் வகுப்பில் யோசித்து நான் பார்த்தது இதுவே முதன்முறை. டக் டக் என்று வில்லைகள் ஏறின.

ஒன்று மட்டும் ஏறவில்லை. சுகன்யா எழுந்து நின்றாள். கழுத்து நரம்பு புடைத்தது. "பா... பா..." உணவு மணி அடித்தது. நான் எவரையும் எழ விடவில்லை. பொறுமையின் மாண்பு குறித்துச் சிறிது பேசினேன். கடைசியில் தே. தான் வகுப்பைக் கலைத்தார்.

ஜூலை 16, புதன்

நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

இன்று மதிய உணவோடு முட்டை தரும் நாள். மறுபடியும் அவள் வில்லை மட்டும் மிச்சம். மறுபடியும் நான் விடவில்லை. ஏழாம் வகுப்பு வெளியே போனபோது முட்டை தீர்ந்து வாழைப்பழம்தான் இருந்தது.

குழாயடியில் சத்தம். ஓடினேன். தரையில் சுகன்யா, சுற்றிலும் தட்டுகள். தட்டின் விளிம்பால் அடித்திருக்கிறார்கள். புருவம் கிழிந்து கண் முழுதும் இரத்தம். மார்பின்மேல் பிரகாஷ் உட்கார்ந்து அவள் வாயில் மண்ணைத் திணிக்கிறான். "பேசுடி! பேசு! உன்னாலதான்டி முட்ட போச்சு!" பெண் பிள்ளைகளும் உதைத்தார்கள். அவள் அப்போதும் கத்தவில்லை.

தலைமை ஆசிரியை அவளை மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். தையல்.

தே. அடித்தவர்களைச் சுவரோரம் நிறுத்தினார். "சொல்லுங்க மேடம். இப்ப இன்னா பண்றது? வட்டமா ஒக்கார வெச்சுப் பேசட்டுமா?"

பிரகாஷ்: "டோக்கன் மாட்டுனாத்தான் சோறுன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?"

அவன் முடிப்பதற்குள் என் கை. அவன் கன்னத்தில். உதடு வெடித்தது. கை மறுபடி உயர்ந்தது. மணிக்கட்டைப் பிடித்தது தே.

"வாணாம் மேடம். போதும்."

அவரை உதறிவிட்டு அடிக்கவே விரும்பினேன். இதற்கு நல்ல வாக்கியம் அமையவில்லை.

மாலை. சுகன்யாவின் தாய் தேவி, பெங்களூரு கார்மென்ட்ஸில் வேலை, ரயிலை விட்டு இறங்கி நேரே என் வீட்டுக்கு. பையோடு வீசினாள். உள்ளே எவர்சில்வர் டிபன் பாக்ஸ். தாடையில்.

"எம் பொண்ணு பேசலன்னா ஒன் வூட்டுச் சோறா கொறையுது? படிச்ச திமுராடி?"

படிச்ச திமிர். என்னை எவரும் அப்படித் திட்டியதில்லை. கதவைச் சாத்தவில்லை. இரண்டாவது அடியையும் வாங்கினேன்.

ஜூலை 17, வியாழன்

தாடை வீக்கம். கஞ்சி மட்டும்.

சனிக்கிழமைக் கூட்டத்தைத் தள்ளி வைக்கலாமா என்றார் தலைமை ஆசிரியை. வேண்டாம் என்றேன்.

பிரகாஷிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மேடம். சார் அடி இதவிட ஜாஸ்தி." மீண்டும் அதே சிரிப்பு. வீங்கிய உதட்டோடு.

தேவியின் வீட்டுக்கும் போனேன். உள்ளே விடவில்லை.

ஜூலை 19, சனி

வெயில். வெளியூர் ஆசிரியர்கள் வந்தார்கள். புருவத்தில் கட்டோடு சுகன்யாவும் வந்தாள். எதிர்பார்க்கவில்லை.

தே. வகுப்பைத் தொடங்கும் முன் பிள்ளைகளிடம்: "இனிமே மணி அடிச்சா சோறு. டோக்கன் மிச்சம் இருந்தா நாளைக்கு. போர்டுல எழுதலாம், பக்கத்துல இருக்கறவங்க காதுல சொல்லலாம், சும்மாவும் இருக்கலாம். இது மேடம் ரூல் இல்ல, என் ரூல்."

என்னைக் கேட்கவில்லை. ஒரு கணம் சுட்டது.

பிறகு நான் எழுந்தேன். எழுதி வைத்த உரையை மடித்தேன். நடந்ததைச் சொன்னேன், தட்டு, மண், என் கை. சாம்பியன் ரீப்ஸ் ஆசிரியர் ஒருவர் தொடையில் தட்டினார். "அப்ப பிரம்பே தேவலாம்னு சொல்லுங்கம்மா!"

பதிலைத் தே. தான் சொன்னார்: "நானும் அதான் சார் நெனச்சேன். ஆனா இத்தினி வருசத்துல பிரம்பப் பாத்து ஒரு பையனும் என்னாண்ட சைபர் கேள்வி கேட்டதில்லயே."

சாம்பியன் ரீப்ஸ் ஆசிரியர் உட்கார்ந்துவிட்டார். பிரம்பை விடுவதாகவும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வகுப்பு கலைந்தபோது சுகன்யா என்னிடம் வந்தாள். தன் வில்லையை என் வலது உள்ளங்கையில் வைத்தாள். என் விரல்களை மடக்கினாள். இரு கைகளாலும் இறுக்கினாள், முழு பலத்தோடு. தேய்க்காத ஓரம் உள்ளே இறங்கியது. கண் என் கண்ணைவிட்டு நகரவில்லை. நான் கையை இழுக்கவில்லை.

"நீ... நீங்க... கீ... கீ... கீழ."

"சுகன்யா பேசிட்டா! மாட்டும்மா, மாட்டு" என்றார் தே.

அவள் மாட்டவில்லை. வில்லையை என் கையிலேயே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனாள்.

ஜூலை 20, ஞாயிறு

மேகமூட்டம். வலக்கையில் கட்டு. இது இடக்கையால். எழுத்து கோணல், சிறு பிள்ளையினுடையது போல.

எல்லா வில்லைகளும் மேசைமேல். வெல்டர் கடை பூட்டு. பக்கத்து வீட்டில் அரம் இரவல் வாங்கினேன். முதலில் அவளுடையதைத் தேய்க்கிறேன். ஓர் ஓரம் முடிந்தது. மறு ஓரம் இனிமேல்தான்.