ஒரு பால் டின் பழம், எத்தனை கிராம்?

அன்புள்ள நெரிஸா,

இங்கே எல்லாரும் நலம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க ஆண்டவர் துணை. சனிக்கிழமை காலை ஆறு பத்துக்கு உன் செய்தி வந்தது. கிறிஸ்துமஸுக்கு மலாக்கா வர முடியாது, பெர்த்தில் உன் அம்மா நினைவாக வைக்கும் பூசைக்கு அவள் கேக்கை நீயே செய்யப்போகிறாய், ஆறு டின் பழம் என்று தெரியும், கையில் இருப்பதோ தராசு, ஒரு டின் எத்தனை கிராம் என்று கேட்டிருந்தாய். எண்ணை மட்டும் உடனே அனுப்பினேன். அது எப்படி வந்தது என்று கேட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

அம்மா எதையும் அளக்கும் அந்தப் பழைய பால் டின்னில் உலர்ந்த பழத்தை நறுக்கிப் போட்டு நிறுத்தேன். சும்மா கொட்டினால் நூற்று எண்பத்திரண்டு, டின்னை மேசையில் தட்டினால் நூற்றுத் தொண்ணூற்றைந்து, கட்டைவிரலால் அமுக்கினால் இருநூற்றுப் பதினைந்து. ஆலையில் மானிகளைச் சரிபார்க்கும்போது இப்படி வந்தால் சராசரி போடுவேன். இங்கே அது உதவாது. ஆறு டின்னுக்கு இருநூறு கிராம் தள்ளிப்போனால் அது வேறு யாரோ செய்த கேக். கூனி இறால் கொண்டுவந்த ரெஜிஸ் மாமா பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, நாப்பது வயசுல நகைக்கடைக்காரன் மாதிரி தராசோட உக்காந்துட்ட, என் தங்கச்சி என்னைக்கு நிறுத்தா, கையால அமுக்குவா, அவ்ளோதான்" என்றார். எவ்வளவு அமுக்குவாள் என்று கேட்டேன். "அத அவகிட்டதான்" என்று ஆரம்பித்தவர், இறாலைக் கழுவப் போய்விட்டார்.

அம்மா ஜூலையில் ஊறப்போட்ட ஜாடி அலமாரியில் அப்படியே இருக்கிறது. எப்போதும்போல ஆறு டின் பழம், ஒரு புட்டி பிராந்தி. அதன் ஜோடி ஜாடி காலி. மூடியைத் திறக்காமலே இரண்டையும் நிறுத்துக் கழித்தேன், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதின்மூன்று. பிராந்தி எழுநூறு மில்லி என்பதால் முதலில் எழுநூறு கிராமைக் கழித்துவிட்டேன். அது தண்ணீரைவிட லேசு, அறுநூற்று அறுபத்தைந்துதான். மீதியை ஆறால் வகுத்தால் இருநூற்றெட்டு. அம்மா அமுக்கித்தான் போட்டிருக்கிறாள், நான் அமுக்கியதைவிடச் சற்று மெதுவாக. "திற மாப்ள, பூட்டி வெக்கவா அவ ஊறப்போட்டா" என்று மாமா சொல்கிறார். திறக்கவில்லை. இந்த வருஷம் இந்த வீட்டில் கேக் இல்லை.

நீ பழத்தை ஊறப்போடும் முன்பே நிறுத்துவிடு, பிறகு நிறுத்தால் பிராந்தியும் சேர்ந்துவிடும். ஒரு வாரமாவது ஊறட்டும். அங்கே வெயில் காலம், தொப்பியில்லாமல் வெளியே போகாதே. மாதா உன்னைக் காப்பாளாக.

அவசரமென்றால் மாமாவைக் கூப்பிடு. கேக் சொல்ல அம்மா எல்லாருக்கும் கொடுத்திருந்தது என் போன் எண்ணைத்தானே. இன்று பழைய வாடிக்கைக்கார அம்மாள் ஒருவர், "ஒலிண்டா அடுப்படியில இருக்காளா, கூப்பிட வேணாம் தம்பி, எனக்கு எப்பவும்போல ரெண்டுன்னு மட்டும் சொல்லிடு" என்றார். சொல்கிறேன் என்றேன். அதன்பின் போனை அணைத்துவிட்டேன்.

உன் அப்பா,
பேசில்