இரண்டு கொடிகளுக்கும் ஒரே சிரிப்பு

மார்ச் 4
இன்று அண்ணன் இரண்டு விருந்து வைத்தார். முன்வாசல் வழியாக வடக்குச் சாம்ராஜ்யத்தின் தளபதி வந்து சாப்பிட்டுப் போனார். அவர் உட்கார்ந்த நாற்காலியின் சூடு ஆறுவதற்குள் தீவுச் சாம்ராஜ்யத்தின் தூதர் பின்வாசல் வழியாக வந்து உட்கார்ந்தார். இரண்டு பேருடைய கப்பல்களும் கழிமுகத்தில் முறைத்துக்கொண்டு நிற்கின்றன. எங்கள் துறைமுகம் யார் கையிலோ, கடல்வழியும் அவர் கையில். இருவரும் சொன்னது ஒன்றுதான்: "உங்களைப் பாதுகாக்க வந்திருக்கிறோம்." இரண்டு தடவையும் மொழிபெயர்த்தவள் நான். இரண்டு தடவையும் அண்ணன் ஒரே மாதிரி சிரித்தார். துறைமுகத் தலைவர் அல்லவா.

மார்ச் 5
அண்ணனின் சட்டையில் வடக்குக் கொடி. தீவுக் கொடி பைக்குள் இருக்கிறதாம். அண்ணி சொன்னாள்.

மார்ச் 9
தளபதி முனைத்தெருவைப் பார்வையிட்டார். படகுக்காரர்கள் குடியிருக்கும் தெரு. அங்கே பீரங்கி வைத்தால் கழிமுகம் முழுக்க எட்டும்.
"வெள்ளிக்கிழமைக்குள் இடித்துவிடுங்கள். படகுகளை எரித்துவிடுங்கள், எதிரிக்குப் பயன்படக் கூடாது" என்றார், குதிரைக்குத் தண்ணீர் காட்டச் சொல்லும் குரலில். ஆட்கள்? "எங்காவது போகட்டும்."
வண்டியில் அண்ணன் என் காதருகே குனிந்தார். "நாளைக்கு அந்த ஜனங்ககிட்ட கொஞ்சம் பக்குவமா சொல்லு. புது வீடு கட்டித் தருவாங்கன்னு சொல்லு. கத்தாம இருந்தா போதும்."
அவர் பூசியிருந்த வாசனைத் தைலம் — முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இவரா எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர்? இவரோடா ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தேன்?

மார்ச் 10
சொல்லிவிட்டேன். உள்ளதை உள்ளபடி.
கூட்டத்தின் முன்வரிசையில் இருந்த படகுக்கார அம்மா கேட்டார், "நெஜமாவா? படகையுமா?"
"ஆமாம்மா, படகையும்தான். இன்னைக்கே கெளம்பிடுங்க."
பக்கத்தில் நின்ற தளபதிக்கு நம் மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. அண்ணன் சொல்லிவைத்தபடி புது வீட்டைப் பற்றித்தான் பேசுகிறேன் என்று நினைத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையை ஆட்டினார். எல்லாம் புரிந்த அண்ணன் மரம் மாதிரி நின்றார். என்னைக் காட்டிக்கொடுத்தால் அவர் தலையும் சேர்ந்து உருளும்.

மார்ச் 11
விடிந்து பார்த்தால் முனைத்தெருவில் ஒரு படகுகூட இல்லை. எல்லோரும் எதிர்க்கரைக்குப் போய்விட்டார்கள். தாங்களாகவே பயந்து ஓடிவிட்டார்கள் என்று தளபதியிடம் அண்ணன் சமாளித்தார்.
"குடும்பத்தையே தூக்குல ஏத்தப் பாத்தியேடி" என்றார் அண்ணன்.
"அவங்களுக்கும் குடும்பம் இருக்குல்ல?"
தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

மார்ச் 14
காலை முழுக்கக் குண்டு. தீவுக்காரர்கள் கப்பலிலிருந்து சுட்டார்கள், வடக்கத்தியார் கரையிலிருந்து சுட்டார்கள். நடுவில் முனைத்தெரு. இப்போது ஒரு சுவர் மிச்சமில்லை. நல்லவேளை, ஆள் இல்லை. மாலையில் வடக்கத்தியார் ஓடிவிட்டார்கள்.

மார்ச் 16
துறைமுகத்தில் தீவுக் கொடி. "உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தோம்" என்று தூதரிடம் அண்ணன் — அதே சிரிப்பு. த்தூ.

மார்ச் 19
காலையில் அண்ணி என் அறைக்கு வந்தாள். "தூதர் உன்னை மொழிபெயர்க்கக் கூப்பிடுறாராம். இவங்க நல்லவங்களாம். உங்கண்ணன் சொல்றாரு."
"நீங்க என்ன சொல்றீங்க, அண்ணி?"
அண்ணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படகுக்கார அம்மா என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார், எதிர்க்கரைக்குப் போகிறேன் என்றேன். அண்ணி என் பெட்டியை எடுத்துக்கொண்டாள். படகுத்துறை வரை அவளே சுமந்து வந்தாள். பெட்டியைப் படகில் ஏற்றினாள். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு தானும் ஏறினாள்.
"கொஞ்சம் தள்ளி உக்காரு" என்றாள்.