உன் இடது கால்

அண்ணா,

வண்டியைக் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறேன். வெயிலில் சூடேறிய டேங்க்கில் சந்தனம் பட்டால், பெட்ரோலும் கலந்து ஒரு வாசனை வரும். இன்று ஆயுத பூஜை. நாலு வருஷத்துக்கு முன் இதே நாளில், இதே வண்டியில்தான் நீ செத்துப்போனாய். வித்துத் தொலை என்று ஊரே சொன்னது. உனக்காக என் வண்டியை நான் ஏன் விற்க வேண்டும்?

பதினோரு வருஷமாக இது என்னுடையது. ஒரகடத்துக் கம்பெனியில் லைனில் நின்று வேலை செய்து, ஓவர்டைம் பார்த்து வாங்கியது. உருண்டை ஹெட்லைட், பெருத்த டேங்க், தடதடவென்ற சத்தம். பார்வைக்கு அப்பாவின் பழைய வண்டியேதான். வாசலில் கொண்டுவந்து நிறுத்திய அன்று, "இன்னாடி, மீச எப்போ வெக்கப்போற?" என்றாய். தெருவே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேனே, அதுதான் வெட்கக்கேடு. அதோடு விட்டாயா? சேரப்பணஞ்சேரியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்களிடம், "எங்க வூட்ல ஆம்பள ரெண்டு பேரு" என்று என்னைக் காட்டினாய். காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவேயில்லை.

அன்று சாயங்காலம் வாலாஜாபாத் வரை சும்மா ஓட்டிக்கொண்டு போனேன். ஏரிக்காற்று சட்டைக்குள் புகுந்து அடித்தது. ஹெல்மெட்டுக்குள் வாய்க்கு வந்ததைக் கத்திப் பாடினேன். சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தேன். வந்தவன் என்னைக் கட்டியிருந்தாலும் அவ்வளவு சந்தோஷம் கொடுத்திருப்பானா தெரியாது.

அப்பாவின் வண்டியில் வலது காலுக்குக் கியர், இடது காலுக்குப் பிரேக். நீயும் நானும் பழகியது அதில்தான். அந்தக் கடைசி நாள்வரை நீ வேறு வண்டியைத் தொட்டதில்லை. என்னுடையது முகத்தில் மட்டும்தான் பழசு. கால் பக்கம் இந்தக் காலத்து வண்டி, இடது காலுக்குக் கியர், வலது காலுக்குப் பிரேக் என்று எல்லாம் மாறி இருக்கும். வாங்கிய புதிதில் படப்பையில் ஒரு ஷேர் ஆட்டோ குறுக்கே வந்தபோது, பிரேக் என்று நினைத்து என் இடது கால் தானாகக் கியரை அழுத்தியது. சுவரில் மோதி முட்டி பெயர்ந்தது. வழுக்கி விழுந்தேன் என்று உன்னிடம் சொன்னேன். மருந்து போட்ட அண்ணியிடம் மட்டும்தான் உண்மையைச் சொன்னேன்.

நாலு வருஷத்துக்கு முன் அந்த ஆயுத பூஜையன்று காலை, பொரி வாங்க மறந்ததற்காக அண்ணியை அறைந்தாய். அந்தக் கையோடு என் சாவியை எடுத்தாய். "அப்படி இன்னாதான் கீது இதுலன்னு பாத்துட்டு வரேன்." வாசலிலேயே கியர் என்று வலது காலால் பிரேக்கை மிதித்தாய். வண்டி உறுமியது, நகரவில்லை. "ஓ, இந்தப் பக்கமா?" என்று சிரித்துக்கொண்டே கிளம்பினாய். பதறினால் கால் மாறிவிடும் என்று எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீ எங்காவது இடித்துக்கொண்டு, நொண்டிக்கொண்டு, தெரு சிரிக்க வண்டியைத் தள்ளிக்கொண்டு வரவேண்டும் என்று இருந்தது எனக்கு.

வளைவில் கன்டெய்னர் லாரி நின்றிருந்தது. "எடது காலாலயே ஒதச்சிகினு போனாரும்மா" என்றார் டீக்கடைக்காரர். பிரேக் பிடிக்கவில்லை என்று மற்றவர்கள் முடிவு கட்டினார்கள். நானும் தலையாட்டினேன். பாவம், பழி வண்டிக்குப் போனது.

அண்ணிக்கு இப்போது என் கம்பெனியில்தான் வேலை. தினமும் என் பின்னால்தான் வருகிறாள். போன வாரம் அந்த வளைவில் எனக்குத் தாங்கவில்லை.

"அண்ணி, கால் மாறும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சிகினே சும்மா நின்னேன்."

வளைவைத் தாண்டினோம். அப்புறம், "எனக்குந்தான் தெரியும். நீதான சொன்ன. நானும் வாசல்லதான நின்னுகினு இருந்தேன்?" என்றாள். "ஓட்டு. ஷிஃப்ட்டுக்கு டைம் ஆவுது."

தோளில் வைத்திருந்த கையை அவள் எடுக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் உன்னை அனுப்பினோம், அண்ணா. நாளைக்கும் அவளை ஏற்றிக்கொண்டு அந்த வழியாகத்தான் போவேன்.