தொண்டை கட்டிய நாள்

என் அன்பு மனைவிக்கு,

ஆண்டவர் தயவில் நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? பிள்ளைகள் சுகமா?

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன்: கடை உரிமம் புதுப்பித்தாகிவிட்டது. மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதில்லை.

அதிகாரியிடம் பேசவேண்டியதைப் பத்து நாள் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தேன். ஜெபத்தில்கூட, "ஆண்டவரே, நான் பேசிச் சமாளிக்கிறேன், நீர் சும்மா கூட வாரும்" என்றுதான் கேட்டேன். கத்திக் கத்தித் தொண்டை கட்டி, அவரைப் பார்க்கப் போகவேண்டிய அன்று காலை வெறும் காற்றுதான் வந்தது. வாயை வைத்தே பாத்திரம் விற்றவன் நான்! அலுவலக வரிசையில் உட்கார்ந்து, "இனி உம்ம பொறுப்பு" என்று விட்டுவிட்டேன்.

எனக்கு முன்னால் நீட்டி முழக்கிய இருவரை அதிகாரி திருப்பி அனுப்பினார். என்னிடம், "உனக்கு என்ன கதை?" என்றார். தொண்டையைத் தொட்டுக் காட்டினேன்.

சிரித்துவிட்டார். "அப்பாடா! நீயாவது என் காதை விட்டியே. காகிதமெல்லாம் சரியாத்தான் இருக்கு, போ." முத்திரை விழுந்தது.

"கர்த்தருக்கே யோசனை சொல்ற ஆளாச்சே நீங்க" என்பாயே, இனி சொல்லமாட்டேன்.

குரல் வந்துவிட்டது. ஊரிலிருந்து யாராவது வந்தால் கம்பளிச் சால்வையைக் கொடுத்தனுப்பு. இங்கே நான் ஜெபம் முடித்தால் ஆமென் சொல்லப் பக்கத்தில் ஆளில்லை. மாலையில் எனக்காகவும் ஒன்று சேர்த்துச் சொல்லிவிடு.

கடை திறக்க நேரமாகிவிட்டது.

உன் வாயாடிக் கணவன்