நடு வீட்டுப் பின்கதவு

8.2.2004, ஞாயிறு

முதலாளி வீட்டுப் பேரன் தருண்குமார் இன்று எங்கள் லைன் வீடுகளை அளந்து பார்க்க வந்தான். எஞ்சினியருக்குப் படித்த பிள்ளை. தீப்பெட்டி ஆட்களுக்காக அவன் தாத்தா கட்டிய மூன்று தளக் கட்டடம். ஐம்பது வருஷமாவது இருக்கும். இடிக்கப் போவதில்லையாம். "இடிச்சா அம்புட்டும் குப்பைதானேக்கா. செவரு கல்லு மாதிரி இருக்கு. இதையே நல்லா ஆக்கிருவோம்" என்றான். மொட்டை மாடிக்கு வெள்ளை ஓடு பதித்தால் வெயில் இறங்காது. மழைத் தண்ணீருக்கு முற்றத்தில் உறைகிணறு. வீட்டுக்கு வீடு கக்கூஸ். வாயெல்லாம் பல்லாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். கக்கூஸ் எந்த இடத்தில் வரும் என்று கேட்டேன்.

அடுப்படியிலிருந்து பின்படிக்குத் திறக்கிற பின்கதவு இருக்கிற இடத்தில். கதவை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்து அடைப்பார்களாம்.

முடியாது தம்பி என்று சொல்லிவிட்டேன்.

11.2.2004

பட்டாசுக் கம்பெனியில் வேலை அறை என்றால் எதிரெதிரே இரண்டு வாசல் இருக்க வேண்டும். ஒன்றில் தீ என்றால் மற்றதில் ஓட. என் வீட்டுக்காரர் கடைசியாக உட்கார்ந்த அறையிலும் இரண்டு வாசல் இருந்தது. தீபாவளி சீசன், லோடு ஏற்ற லாரி வரவில்லை என்று ஒன்றை மறித்துப் பெட்டி அடுக்கிவிட்டார்கள்.

அதற்கப்புறம் ஒற்றை வாசல் வீட்டில் நான் கண் அசந்ததில்லை. கல்யாண வீடானாலும் வாசலை ஒட்டித்தான் படுப்பேன். சினேகா இன்று கத்தினாள். "எம்மா, இங்கன என்ன மருந்தா இடிக்காக? வயசுக்கு வந்த பிள்ள, வாளியத் தூக்கிக்கிட்டு முத்தத்துக் கக்கூஸுக்குப் போறேன். அம்புட்டுப் பயலும் பாக்கான்." அவள் சொல்வது நியாயம்தான். நியாயம் என்று தெரிந்தால் பயம் போய்விடுமா?

15.2.2004

மேல் வீட்டுச் சண்முகத்தாய் மதினி இறங்கி வந்தாள். கீழ் வீடு, என் வீடு, அவள் வீடு, மூன்றுக்கும் ஒரே குழாய்தான் செங்குத்தாக இறங்குமாம். நடுவில் நான் விடாவிட்டால் அவளுக்கும் கிடையாது. "வீங்குன முட்டிய வச்சுக்கிட்டு விடியுமுன்ன ரெண்டு மாடி எறங்குறேன் வள்ளி. நீ பிடிச்ச முயலுக்கு மூணே காலுன்னு நிக்கியே" என்றாள். காபி போட்டுக் கொடுத்தேன். குடிக்காமல் போய்விட்டாள்.

தருண்குமாரிடம் வேறு இடம் கேட்டுப் பார்த்தேன். முன்னால் வராந்தா, இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். "நீங்க சம்மதிக்காமத் தொட மாட்டேன்க்கா" என்றான். நல்ல பிள்ளையாக வேறு இருந்து தொலைக்கிறான்.

3.3.2004

மற்ற வீடுகளில் வேலை ஆரம்பம். எங்கள் வரிசை மட்டும் அப்படியே நிற்கிறது. படியில் எதிரே வருகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். பேசாவிட்டால் போங்கள்.

6.5.2004

கோடை மழை. விடியக்காலம் முற்றத்துக்குப் போன மதினி படியில் வழுக்கி விழுந்துவிட்டாள். இடுப்பு எலும்பு. நான்தான் ஆட்டோவில் மடியில் சாய்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். என் கையை விடவே இல்லை. ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. திட்டியிருக்கலாம். பாவி, என்னால்தானே - திட்டியிருந்தால் கொஞ்சம் சோறாவது இறங்கியிருக்கும்.

7.5.2004

"அடைச்சிருங்க தம்பி" என்று சொல்லிவிட்டேன்.

27.5.2004

கொத்தனார் வரிசை வரிசையாக வைக்க வைக்க அடுப்படியில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. வராந்தாவில் போய் உட்கார்ந்து அழுதேன். போகிறவர் வருகிறவர் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

20.6.2004

எல்லாம் முடிந்துவிட்டது. வழுக்காத கல், பளிச்சென்று சுவர். குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் மட்டும் இன்னும் உள்ளே கால் வைக்கவில்லை. வாளியோடு முற்றத்துக்குத்தான் போகிறேன். முன்கதவைத் திறந்துபோட்டு நிலைப்படியில் தலை வைத்துப் படுக்கிறேன். "ஊரே சிரிக்கு எம்மா. பள்ளிக்கூடத்துலயும் கேக்காக" என்கிறாள் சினேகா. இப்போது என்னோடு சரியாகப் பேசுவதுகூட இல்லை.

மதினி ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள். கம்பைப் பிடித்து நடக்கிறாள். அவள் ஊற்றுகிற தண்ணீர் எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டிக் குழாயில் இறங்குகிறது. அந்தச் சத்தம் கேட்டால் மனசு கொஞ்சம் ஆறுகிறது.

4.7.2004, ஞாயிறு

முற்றத்துக் கக்கூஸை நேற்று இடித்துவிட்டார்கள். உறைகிணறு அங்கேதான் வருகிறது.

காலையிலிருந்து அடக்கிக்கொண்டே இருந்தேன். வயிறு வலித்தது. இரண்டு தடவை புதுக் கக்கூஸ் வாசல் வரை போய்த் திரும்பினேன். மூன்று பக்கமும் சுவர். வியர்த்துக் கொட்டியது. சினேகா படித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். எழுந்து போய் முன்கதவை அகலத் திறந்து அம்மிக் குழவியை முட்டுக் கொடுத்தாள். அப்புறம் கக்கூஸ் கதவுப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"போ. தாப்பாப் போடாத, சாத்திக்கோ, போதும். நான் படிச்சுக்கிட்டு நிக்கேன். என் சத்தம் கேக்குற வரைக்கும் வழியில ஒண்ணும் இல்ல."

உள்ளே போனேன். பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தை ஆரம்பித்தாள். வராந்தாவில் ஆட்கள் நின்று சிரிப்பது எனக்கே கேட்டது. அவள் இன்னும் உரக்கப் படித்தாள். நான் வெளியே வரும்வரை நிறுத்தவில்லை.